முன்வாசல் திறந்த மாளிகை

நான் பிறந்த தோட்டத்தில், பெரட்டுக் களத்திற்கு மேலே இருந்த மேட்டில் ஒரு பங்களா இருந்தது. துரை பங்களா என்று சொல்வோம். என் பாட்டனார் அந்தத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பால்மரம் சீவினார். அத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட அந்தப் பங்களாவின் முன்வாசல் வழியாக அவர் உள்ளே சென்றதில்லை. விறகு கொண்டு போனாலும் பின்வாசல்தான். உள்ளே சுவர்களில் பெரிய பெரிய படங்கள் மாட்டியிருப்பதாக அங்கு வேலை செய்தவர்கள் சொல்லக் கேட்டதோடு சரி.

2025ஆம் ஆண்டு இறுதியில் அலுவல் காரணமாக நான் நியூயார்க் நகருக்குச் சென்றிருந்தேன். ஐந்தாவது அவென்யூவும் 70ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில், சென்டிரல் பூங்காவைப் பார்த்தபடி ஒரு மாளிகை நிற்கிறது. ஒரு காலத்தில் அது ஒரு குடும்பம் வாழ்ந்த வீடு. இன்று அது ஃபிரிக் கலைக்கூடம் என்ற பெயரில் உலகப் புகழ்பெற்ற ஓவியக் காட்சியகம். நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தபோது எனக்கு என் பாட்டனாரின் நினைவு வந்தது. துரை பங்களாவுக்குள் போகாத அவருடைய பேரன், அதைவிடப் பல மடங்கு பெரிய பங்களாவுக்குள் நிமிர்ந்து நடக்கிறேன் என்று ஒரு பெருமிதம்கூட எழுந்தது. ஆனால் அந்த மாளிகையைக் கட்டியவரின் வரலாற்றைப் படித்த பிறகு அந்தப் பெருமிதம் அவ்வளவு எளிதாக நிலைக்கவில்லை.

இம்மலருக்கு ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு ஆசிரியர் குழுவினர் கேட்டபோது, வழக்கம்போல் ஓர் அறிஞரையோ தியாகியையோ எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் மனம் ஹென்றி கிளே ஃபிரிக் என்ற இந்த மனிதரையே சுற்றிச் சுற்றி வந்தது. இவர் அறிஞருமில்லை, தியாகியுமில்லை. ஆயினும் பட்டம் பெற்று நாளை நாற்காலியில் அமரப்போகும் நம் இளையோர் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு வாழ்க்கை இவருடையது என்பது என் எண்ணம்.

தாத்தாவின் செல்வ நிழலில்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், வெஸ்ட் ஓவர்டன் என்ற சிற்றூரில் 1849ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள் ஃபிரிக் பிறந்தார். தந்தையார் சாதாரண விவசாயி. தாயாரின் தந்தை ஆபிரகாம் ஓவர்ஹோல்ட்டோ மதுவடிசாலை நடத்திப் பெரும் பொருள் சேர்த்தவர். தாத்தாவின் பெரிய வீட்டுக்கு அருகே இருந்த ஒரு சின்னஞ்சிறு வீட்டில்தான் ஃபிரிக் பிறந்தார். சின்ன வீட்டில் இருந்துகொண்டு பெரிய வீட்டைப் பார்த்தபடி வளர்ந்த பிள்ளை அவர்.

பள்ளிப்படிப்பு அதிகமில்லை. கல்லூரிக்குப் போனார், ஆனால் நிலைக்கவில்லை. தாத்தாவின் மதுவடிசாலையில் கணக்கு எழுதும் வேலை பார்த்தார். எண்களில் அவருக்கு இருந்த கூர்மை அங்கேதான் வெளிப்பட்டது.

அவர் வாழ்ந்த வட்டாரத்தில் மண்ணுக்கடியில் தரமான நிலக்கரி குவிந்து கிடந்தது. அந்த நிலக்கரியைத் தேன்கூடு வடிவச் சூளைகளில், காற்றை அடக்கி மெல்லச் சுட்டால் கோக் கிடைக்கும். நாம் கடையில் வாங்கிக் குடிக்கும் பானமென்று எண்ணிவிட வேண்டாம்! இது கடினமான, அதிக வெப்பம் தரும் கரி. அன்றைய ஊதுலைகளில் இரும்பு உருக்க இந்தக் கரி பயன்பட்டது. பிட்ஸ்பர்க் நகரில் எஃகு ஆலைகள் பெருகப்போகின்றன என்பதையும், அவற்றின் வயிற்றுக்கு இந்தக் கரிதான் தீனி என்பதையும் இருபத்தொரு வயது ஃபிரிக் உணர்ந்துகொண்டார். 1871ஆம் ஆண்டு உறவினர்களோடு கூட்டுச் சேர்ந்து நிறுவனம் தொடங்கினார்.

முதலுக்குப் பிட்ஸ்பர்க் வங்கியாளர் தாமஸ் மெலன் கடன் கொடுத்தார். அக்காலத்தில் ஃபிரிக்கின் இருப்பிடத்தைப் பார்வையிட்டு வங்கிக்காக எழுதப்பட்ட ஓர் அறிக்கை சுவையானது. இந்த இளைஞருக்குப் படங்களின் மீது கொஞ்சம் ஆசை அதிகம், ஆனாலும் தொழிலைக் கெடுக்கும் அளவுக்கு இல்லை என்ற கருத்து அதில் இருந்ததாம். கரித்தூளுக்கு நடுவே வாழ்ந்த காலத்திலேயே ஓவிய ஆசை அவருக்குள் குடியேறிவிட்டது என்பதற்கு இதுவே சான்று.

சூளைகளின் அரசர்

1873இல் அமெரிக்காவைப் பெரும் பொருளாதார நெருக்கடி தாக்கியது. மற்றவர்கள் சூளைகளை வந்த விலைக்கு விற்றுவிட்டு ஓடினார்கள். ஃபிரிக் கடன் வாங்கி அவற்றை எல்லாம் வாங்கிப் போட்டார். நெருக்கடி தீர்ந்ததும் கோக்கின் விலை ஏறியது. முப்பது வயதை எட்டும்போது அவர் கோடீஸ்வரர்.

1881ஆம் ஆண்டு அடிலெய்ட் சைல்ட்ஸ் என்ற பெண்ணை மணந்தார். தேனிலவுக்கு நியூயார்க் சென்றபோது எஃகுத் தொழிலின் மன்னரான ஆண்ட்ரூ கார்னகியைச் சந்தித்தார். ஒருவரிடம் எஃகு ஆலை, மற்றவரிடம் கரி. இருவரும் பங்காளிகளாயினர். சில ஆண்டுகளில் கார்னகியின் ஆலைகளை நிர்வகிக்கும் தலைமைப் பொறுப்பும் ஃபிரிக்கிடம் வந்தது. முதன்முதலில் அவர் ஓர் ஓவியத்தை விலை கொடுத்து வாங்கியதாகப் பதிவாகியிருப்பதும் அதே 1881ஆம் ஆண்டில்தான். உள்ளூர் ஓவியர் ஜார்ஜ் ஹெட்சல் வரைந்த ஓர் இயற்கைக் காட்சி அது.

பிட்ஸ்பர்க்கில் கிளேட்டன் என்ற வீட்டை வாங்கிக் குடியேறினார். நான்கு பிள்ளைகள் பிறந்தனர். அவர்களுள் மார்த்தா என்ற மகள்மீது அவருக்குத் தனிப் பாசம். அந்தக் குழந்தை எப்போதோ ஓர் ஊசியை விழுங்கிவிட்டது. அது உடலுக்குள்ளேயே தங்கி நீண்ட காலம் வாட்டியது. ஆறு வயது நிறைவதற்குச் சில நாட்கள் இருக்கும்போது, 1891ஆம் ஆண்டு ஜூலையில் மார்த்தா இறந்துபோனாள். பிற்காலத்தில் அந்தத் தந்தை தம் சொந்தக் காசோலைகளில் அவளுடைய உருவத்தை அச்சிட்டு வைத்துக்கொண்டார்.

இந்தத் தந்தைக்கு இன்னொரு முகமும் உண்டு. மார்த்தா இறந்த அதே 1891இல், ஏப்ரல் மாதம், மோர்வுட் என்ற இடத்தில் இருந்த அவருடைய சூளைகளில் வேலைநிறுத்தம் நடந்தது. ஊர்வலமாக வந்த தொழிலாளர்களை நோக்கி ஆயுதமேந்திய காவலர்கள் சுட்டதில் பலர் மாண்டனர். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1889 மே 31ஆம் நாள், சவுத் ஃபோர்க் என்ற இடத்தில் ஓர் அணை உடைந்து ஜான்ஸ்டவுன் நகரமே அடித்துச் செல்லப்பட்டது. 2,209 பேர் மடிந்தனர். அந்த அணையும் ஏரியும் பிட்ஸ்பர்க் பெருந்தனக்காரர்களின் மீன்பிடி மன்றத்துக்குச் சொந்தமானவை. ஃபிரிக் அம்மன்றத்தின் உறுப்பினர். நீதிமன்றத்தில் அம்மன்றம் எந்த இழப்பீடும் கொடுக்க நேரவில்லை.

ஹோம்ஸ்டெட், 1892

ஃபிரிக்கின் பெயரை அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றில் அழியாதபடி எழுதியது ஹோம்ஸ்டெட். பிட்ஸ்பர்க்கை அடுத்து மொனங்ககேலா ஆற்றங்கரையில் இருந்த கார்னகி எஃகு ஆலை அது. ஏறத்தாழ 3,800 பேர் அங்கே வேலை செய்தனர். தொழிற்சங்கத்துடன் செய்திருந்த கூலி ஒப்பந்தம் 1892 ஜூன் இறுதியில் முடிவுக்கு வந்தது. கார்னகி ஸ்காட்லாந்துக்குச் சென்றுவிட்டார். முழு அதிகாரமும் ஃபிரிக்கின் கையில். அவர் கூலியைக் குறைத்தார். தொழிற்சங்கத்தை இனி ஏற்பதில்லை என்று முடிவு செய்தார். ஆலையைச் சுற்றி உயரமான மரவேலி எழுப்பினார். தொழிலாளர்களை வெளியே நிறுத்திக் கதவை அடைத்தார்.

ஜூலை 6ஆம் நாள் விடியற்காலை, பிங்கர்ட்டன் நிறுவனத்தின் 300 கூலிக் காவலர்கள் இரண்டு படகுகளில் ஆற்று வழியாக வந்தனர். செய்தி எட்டியதும் ஊரே கரையில் திரண்டது. ஆண்கள் மட்டுமில்லை, பெண்களும் பிள்ளைகளும் ஓடிவந்தனர். பகல் முழுவதும் துப்பாக்கிச் சண்டை. இரு தரப்பிலும் உயிர்ப்பலி. முடிவில் காவலர்கள் சரணடைந்தனர். அவர்களைக் கூட்டத்தினர் அடித்து நொறுக்கினர். ஆனால் தொழிலாளர்களின் வெற்றி ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. ஜூலை 12ஆம் நாள் மாநில ஆளுநர் அனுப்பிய 8,500 படைவீரர்கள் ஊருக்குள் நுழைந்தனர். அவர்களின் பாதுகாப்பில் புதிய ஆட்களை வைத்து ஆலை இயங்கத் தொடங்கியது.

ஜூலை 23ஆம் நாள் அலெக்சாண்டர் பெர்க்மன் என்ற இளைஞர் ஃபிரிக்கின் அலுவலகத்துக்குள் புகுந்து அவரைத் துப்பாக்கியால் சுட்டார், கத்தியாலும் குத்தினார். பெர்க்மன் ஆலைத் தொழிலாளி அல்லர். அரசே கூடாது என்ற கொள்கையுடைய அவர், தாமாகவே நியூயார்க்கிலிருந்து புறப்பட்டு வந்தவர். ஃபிரிக் பிழைத்துக்கொண்டார். அந்தத் துப்பாக்கிக் குண்டுகள் காயப்படுத்தியது உண்மையில் தொழிலாளர்களின் போராட்டத்தைத்தான். அதுவரை அவர்கள் பக்கம் இருந்த பொதுமக்களின் இரக்கம் குறையத் தொடங்கியது. காயத்தோடு படுத்திருந்த ஃபிரிக்கின் வீட்டிலும் ஒரு சாவு. பிறந்து ஏறத்தாழ ஒரு மாதமே ஆன அவருடைய மகன் ஆகஸ்ட் 3ஆம் நாள் இறந்தான். பிள்ளையை அடக்கம் செய்த கையோடு ஃபிரிக் மீண்டும் அலுவலகத்துக்குச் சென்றார்.

நவம்பரில் போராட்டம் முறிந்தது. தலைவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை. மற்றவர்கள் கொடுத்த கூலிக்குத் திரும்பினர். எஃகுத் தொழிலில் பன்னிரண்டு மணிநேர வேலை 1923 வரை நீடித்தது. அந்த ஆலையைப் பின்னாளில் உள்ளடக்கிய யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் தொழிற்சங்கத்தை ஏற்றுக்கொண்டது 1937இல்தான். ஒரு கோடைக்காலத் தோல்விக்கு இரண்டு தலைமுறைகள் விலை கொடுத்தன.

மாளிகை எழுந்தது

கார்னகியும் ஃபிரிக்கும் 1899ஆம் ஆண்டு கோக் விலை காரணமாகப் பகைத்துக்கொண்டனர். விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. இறுதிவரை இருவரும் ஒன்றுசேரவில்லை. பெரும் பணத்தோடு வெளியேறிய ஃபிரிக், 1905இல் குடும்பத்தோடு நியூயார்க்கில் குடியேறினார். லண்டனில் வாலஸ் கலைக்கூடம் என்ற ஒரு குடும்ப மாளிகை 1900ஆம் ஆண்டு பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டிருந்தது. அதைப் பார்த்த ஃபிரிக்குக்குத் தாமும் அப்படி ஒன்றை விட்டுச்செல்ல வேண்டும் என்ற எண்ணம் வேரூன்றியது.

ஐந்தாவது அவென்யூவில் நிலம் வாங்கினார். தாமஸ் ஹேஸ்டிங்ஸ் என்ற கட்டடக் கலைஞர் வரைபடம் தந்தார். 1913இல் தொடங்கிய கட்டுமானம் மறு ஆண்டில் முடிந்தது. 1914 நவம்பரில் குடும்பம் குடியேறியது. அதன்பின் ஃபிரிக் அங்கு வாழ்ந்தது ஐந்தே ஆண்டுகள்தாம்.

அந்த வீட்டின் நடுக்கூடத்தில் நான் நெடுநேரம் நின்றேன். ஒரு சுவரில் இத்தாலிய ஓவியர் பெல்லினி வரைந்த புனித பிரான்சிஸ். செல்வத்தை உதறிவிட்டு வறுமையை விரும்பி ஏற்ற துறவி, வெறுங்காலோடு பாறைகளுக்கு நடுவே நின்று ஒளியைப் பார்க்கிறார். எதிர்ச்சுவரில் கணப்பு அடுப்புக்கு இருபுறமும் ஹோல்பைன் வரைந்த இரண்டு முகங்கள். ஒருவர் தாமஸ் மோர். மற்றவர் அவர் தலை துண்டிக்கப்படக் காரணமானவர்களுள் ஒருவரான தாமஸ் குரோம்வெல். ஐந்தாண்டுகளில் குரோம்வெல்லின் தலையும் அதே அரசனின் ஆணையால் விழுந்தது. பகைவர்கள் இருவரையும் ஒரே சுவரில் மாட்டியவர் ஃபிரிக்தான். தம் பகைவர் கார்னகியை நினைத்துக்கொண்டு மாட்டினாரா என்று அறிய வழியில்லை. கார்னகி 1919 ஆகஸ்டில் இறந்தார். நான்கு மாதம் கழிவதற்குள், டிசம்பர் 2ஆம் நாள், ஃபிரிக்கும் அந்த மாளிகையில் கண்மூடினார். இதே அவென்யூவில் கார்னகி கட்டிய வீடும் இன்று ஓர் அருங்காட்சியகம்தான்.

ஆனால் என்னை நகரவிடாமல் நிறுத்திய ஓவியம் வேறொன்று. ஸ்பானிய ஓவியர் கோயா வரைந்த பட்டறைக் காட்சி அது. மூன்று கொல்லர்கள் பட்டடைக்கல்லைச் சூழ்ந்து நிற்கிறார்கள். சிவக்கக் காய்ச்சிய இரும்பை ஒருவர் பற்றியிருக்கிறார். இன்னொருவர் சம்மட்டியைத் தலைக்குமேல் ஓங்கியிருக்கிறார். அவர் முகம் நமக்குத் தெரியாது, முதுகுதான் தெரியும். அந்த முதுகில் உழைப்பின் முழு வலியும் இருக்கிறது. இதை ஃபிரிக் 1914இல் வாங்கினார். ஹோம்ஸ்டெட் நடந்து இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு! ஆலையில் இரும்படித்தவர்களுக்குக் கதவடைத்த மனிதர், இரும்படிப்பவர்களின் ஓவியத்தைப் பெருவிலை கொடுத்து வீட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறார். அந்த முதுகைப் பார்த்தபோது அவருக்கு என்ன தோன்றியிருக்கும்?

கதவு திறந்தது

மனைவியின் காலத்துக்குப் பிறகு வீடும் ஓவியங்களும் பொதுமக்களுக்கே சேர வேண்டும் என்று ஃபிரிக் உயில் எழுதியிருந்தார். பராமரிப்புக்காக ஒரு கோடியே ஐம்பது இலட்சம் டாலரையும் ஒதுக்கியிருந்தார். அடிலெய்ட் அம்மையார் 1931இல் காலமானார். ஜான் ரசல் போப் என்ற கட்டடக் கலைஞர் வீட்டைக் காட்சியகமாக மாற்றியமைத்தார். வண்டிகள் வந்து நின்ற முற்றம், கூரை வேய்ந்த தோட்ட முற்றமாயிற்று. 1935 டிசம்பர் 16ஆம் நாள் பொதுமக்களுக்குக் கதவு திறந்தது. பல ஆண்டுகள் நடந்த புதுப்பிப்புப் பணிக்குப் பின் 2025 ஏப்ரல் 17ஆம் நாள் மீண்டும் திறந்தபோது, குடும்பத்தினர் வாழ்ந்த மாடி அறைகளும் முதன்முறையாக மக்கள் பார்வைக்கு வந்தன.

தந்தையின் பெயரைக் காத்தவர் மகள் ஹெலன். மணம் செய்துகொள்ளாமல் 1984 வரை வாழ்ந்தவர். காட்சியகத்தோடு இணைந்த கலை ஆய்வு நூலகத்தை உருவாக்கியவர் அவரே. பிட்ஸ்பர்க் நகரப் பிள்ளைகளுக்கு ஒரு பூங்கா வேண்டுமென்று இளவயதில் தந்தையிடம் கேட்டவரும் அவரே. ஃபிரிக் பூங்கா என்ற பெயரில் அது இன்றும் பசுமையாக இருக்கிறது. இதே ஹெலன் 1965இல் ஒரு வழக்கும் தொடுத்தார். பென்சில்வேனிய வரலாற்றாசிரியர் சில்வெஸ்டர் ஸ்டீவன்ஸ் தம் நூலில் ஃபிரிக்கைத் தொழிலாளர்களிடம் கடுமையாக நடந்துகொண்டவர் என்று எழுதியிருந்தார். அந்தப் பகுதிகளை நீக்க வேண்டும் என்பது ஹெலனின் கோரிக்கை. நூலாசிரியர் எழுதியவை உண்மையே என்று கூறி 1967இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஒரு மகளின் பாசத்தை நான் குறை சொல்ல மாட்டேன். மாளிகையைக் கொடையாகத் தரலாம், பூங்காவைக் கொடையாகத் தரலாம். நடந்ததை நடக்கவில்லை என்று ஆக்கும் உரிமையை மட்டும் எந்தக் கொடையாலும் வாங்க முடியாது.

ஒரு கையெழுத்து

நண்பர்களே, இவ்வளவையும் உங்களுக்குச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. நம் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, இன்று ஒரு தொழிற்சாலையில் நானும் ஒரு மேலாளர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், வேலையை விட்டு நிறுத்தப்பட வேண்டிய முப்பத்தொரு பேரின் பெயர்ப் பட்டியல் என் மேசைக்கு வந்தது. அவர்களில் சிலர் என்னைத் தம்பி என்று அழைப்பவர்கள். நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கையெழுத்திட்டேன். அந்த ஆண்டு தீபாவளிக்கு, என் மனம் ஆறவேண்டும் என்பதற்காக, ஓர் அன்பு இல்லத்துக்கு வழக்கத்தைவிடப் பெரிய தொகையை நன்கொடையாகக் கொடுத்தேன். மனம் ஆறவில்லை. ஏன் ஆறவில்லை என்பது கோயாவின் ஓவியத்துக்கு முன் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. நான் கொடுத்தது ஒருவருக்கு, எடுத்தது வேறொருவரிடமிருந்து.

ஃபிரிக்கின் கொடையும் அப்படித்தான். அது பெரிய கொடை. அதனால் எண்ணற்றோர் கண்பெற்றனர். நானும் பெற்றேன். அதற்கு நன்றி சொல்ல நான் தயங்கவில்லை. ஆனால் கொடை வேறு, கடன் வேறு. ஹோம்ஸ்டெட் குடும்பங்களுக்கு அவர் பட்ட கடன், நியூயார்க்கில் கதவு திறந்ததால் அடைந்துபோகவில்லை. மாளிகையை வெறுத்து ஒதுக்குவதும் நியாயமில்லை, அதன் அழகில் மயங்கி மறந்துபோவதும் நியாயமில்லை. இரண்டையும் ஒரே மனத்தில் சுமந்துகொண்டுதான் அந்த அறைகளில் நடக்க வேண்டியிருக்கிறது.

நம்மில் பெரும்பாலோர் லயத்து வீடுகளிலிருந்து வந்தவர்கள், அல்லது அங்கிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். நம் தாத்தா பாட்டிகள் பட்டியலில் பெயராக இருந்தவர்கள். நாம் பட்டியலில் கையெழுத்திடும் இடத்துக்கு வந்திருக்கிறோம். அது நம் முன்னேற்றம் என்றால் மிகையாகாது. ஆயினும் அந்தப் பேனாவைக் கையில் எடுக்கும்போது ஒரு நொடி நிறுத்தி, இந்தப் பெயருக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று கேளுங்கள். நான் கேட்கத் தவறினேன். ஃபிரிக்குக்குக் கேட்க நேரமிருந்தது, அவரும் கேட்கவில்லை. உயிலில் எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக்கூடிய கேள்வி அது இல்லை.

மாலை மங்கும் நேரத்தில் மாளிகையை விட்டு வெளியே வந்தேன். ஊர் திரும்பியதும் ஒரு வேலை செய்தேன். அந்த முப்பத்தொரு பேரில் என்னைத் தம்பி என்று அழைத்த ஒருவரைத் தேடிப்போய்ப் பார்த்தேன். பசாரில் அவர் சிறு உணவுக்கடை வைத்திருக்கிறார். என்னைக் கண்டதும் எழுந்து வந்து உட்காரச் சொன்னார். எதற்காக வந்தேன் என்று சொல்லி முடிப்பதற்குள் என் முன்னே ஒரு தேநீரை வைத்தார். எவ்வளவு வற்புறுத்தியும் அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.